‘எப்படி இருந்தது?’ என்று நண்பர் கேட்டால்

கேள்வி: சமீபத்தில் பார்த்த படங்கள், நேரில் பார்த்த நாடகம், கூத்து பற்றியெல்லாம் நண்பர்களிடம் எப்படிக் கருத்துச் சொல்வீர்கள்? அவர்கள் கருத்து வேறாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

நான் முதலில் காட்சியைச் சொல்வேன். ‘நல்லா இருக்கு’, ‘சரியில்லை’ எல்லாம் அப்புறம்தான். எங்கே பார்த்தேன், என்றைக்குப் பார்த்தேன், எத்தனை மணிக் காட்சி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். இந்தப் பழக்கம் எனக்கு 2024 அக்டோபரில் வந்தது. ஒரு சண்டையில் வந்தது.

அந்த வருடம் செப்டம்பர் 27 அன்று ‘மெய்யழகன்’ வெளியானது. கும்பகோணத்து நண்பன் ஒருவன் முதல் நாளே பார்த்துவிட்டு ராத்திரி பதினொன்றரைக்கு எனக்குப் போன் செய்தான். குரல் கம்மியிருந்தது. “நீ கட்டாயம் பாக்கணும்டா” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் நான் சென்னையில் பார்த்தேன். எனக்கும் பிடித்திருந்தது. கல்யாண மேடையில் அண்ணன் தங்கைக்கு நகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிடும் இடத்தில் எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவனிடம் பேசும்போது அவன் அந்த இரவுப் பேச்சில் ஓர் இடத்தைச் சொன்னான். இரண்டு பேரும் உட்கார்ந்து விடிய விடியப் பேசுவார்களே, அதில் ஒரு பகுதி. “அங்கதான்டா நான் உடைஞ்சேன்.” எனக்கு அப்படி ஓர் இடமே நினைவில் இல்லை. “அப்படி ஒண்ணும் வரலையே, சும்மா சாதாரணமாத்தானே பேசிட்டு இருந்தாங்க” என்றேன். அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. “நீ போனைப் பாத்துட்டு உக்காந்திருப்ப” என்றான். நான் போனைப் பார்க்கவில்லை. கோபம் வந்து, “உனக்குப் பிடிச்சா எல்லாருக்கும் அங்கயே அழுகை வரணுமா?” என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்றாவது நண்பர் ஒருவர்தான் முடிச்சை அவிழ்த்தார். படம் வெளியான சில நாட்களிலேயே, நீளம் அதிகம் என்ற பேச்சு எழுந்ததால், இயக்குநர் பிரேம்குமார் சுமார் 18 நிமிடங்களைக் குறைத்திருந்தார். அவன் பார்த்தது கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். நான் பார்த்தது குறைத்த படம். ஆக, நாங்கள் சண்டை போட்டது இரண்டு வேறு படங்களை வைத்துக்கொண்டு!

அதைவிட எனக்கு உறைத்தது வேறு. அந்தப் படம் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டு ஒரு குடும்பம் வெளியேறுவதில் தொடங்குகிறது. என் நண்பன் வீட்டிலும் பாகப்பிரிவினை நடந்து, அவன் பத்தாவது படிக்கும்போது அந்தப் பெரிய வீட்டைக் காலி செய்தார்கள். கொல்லைப்புறக் கிணற்றடியில் அவன் பேர் எழுதிய சிமெண்ட் பூச்சு இருந்தது என்று கல்லூரி விடுதியில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். அவன் போனில் ஒரு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் நின்றது அந்த வீட்டுக்காக. நான் பதிலுக்கு என் ரசனையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

அதனால் இப்போது யாராவது ஒரு படத்தைக் கொண்டாடினாலும் சரி, திட்டினாலும் சரி, நான் கேட்பது ஒன்றுதான்: “எந்த இடத்துல?” இந்த ஒரு கேள்வி போதும். ‘ரெண்டாம் பாதி இழுவை’ என்று சொல்லும் ஆள், எந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தார் என்று யோசிக்க ஆரம்பிப்பார். அங்கிருந்து பேச்சு உருப்படியாகப் போகும். அவர் சொல்லும் காட்சி எனக்குப் பிடித்த காட்சியாகவே இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு பேசுகிறோம் என்ற நிம்மதி இருக்கும்.

மார்க் போடும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். அது நம் ஊரில் ஊறிப்போனது. ஆனந்த விகடன் விமர்சனத்தில் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 மார்க் கொடுத்ததை என் மாமா இன்றைக்கும் பரீட்சை ரிசல்ட் மாதிரி சொல்வார். பத்திரிகைக்கு அது பொருந்தும், முன்பின் தெரியாத வாசகர் ஒரு எண்ணைப் பார்த்து டிக்கெட் எடுக்கலாமா என்று முடிவு செய்யலாம். நண்பனுக்கு என்னைத் தெரியும். எனக்கு எது பிடிக்கும், எதில் நான் சீக்கிரம் உருகுவேன், எதற்கு எரிச்சல் படுவேன் என்று தெரியும். அவனிடம் ‘பத்துக்கு ஆறு’ என்று சொன்னால் அவனுக்குக் கிடைப்பது என்ன?

நேரில் பார்க்கும் நிகழ்ச்சிகள் வேறு கதை. படத்தை நண்பர் நாளைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கூத்தைப் பார்க்க முடியாது. நேற்று நடந்தது நேற்றோடு போயிற்று. அதே ஜமா (கூத்துக் குழு), அதே கூத்து அடுத்த ஊரில் நடந்தாலும் அது வேறு ராத்திரி. அதனால் அங்கே நாம் சொல்வது கருத்து மட்டும் இல்லை, வராதவருக்கு அந்த ராத்திரியிலிருந்து கிடைக்கப்போவதே அவ்வளவுதான். இதை நான் மிகவும் பொறுப்பான காரியமாக நினைக்கிறேன்.

போன வருடம் செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவுக்குப் போயிருந்தேன். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. அன்றைக்குக் கர்ண மோட்சம். பத்து மணிக்கு மேல்தான் தொடங்கியது. எங்கள் குழுவில் ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருந்தோம், கடைசியில் போய்ச் சேர்ந்தது நான் ஒருவன். மற்றவர்களுக்கு அலுவலகம், குழந்தைக்குக் காய்ச்சல், ஒருவருக்கு டூட்டி மாறிவிட்டது. “வீடியோ எடுத்து அனுப்புடா” என்றார்கள்.

முதலில் எடுக்கத்தான் செய்தேன். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போனதும் இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்தார்கள். திரைக்குப் பின்னால் கர்ணன். ஆள் தெரியவில்லை. திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிகிறது, கீழே சலங்கை கட்டிய இரண்டு கால். உள்ளே இருந்து பாட்டு வருகிறது, அடி மாறும்போதெல்லாம் சலங்கை குலுங்குகிறது, மத்தளம் ஏறிக்கொண்டே போகிறது, முகவீணை என்ற சின்னக் குழல் கூடவே கீச்சென்று இழுக்கிறது. திரையைப் பிடித்திருந்த பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும், அவன் கை அந்தத் தாளத்துக்கே ஆடியது. திரை விலகும் நேரத்தில் நான் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன். திரையின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதலில் முகத்தை மட்டும் காட்டினார் கர்ணன். தோளில் கட்டும் மரப் புஜக்கட்டையில் ஒட்டியிருந்த சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு, முன்வரிசையில் பாயில் படுத்திருந்த குழந்தைகள் மேல் புள்ளி புள்ளியாக ஓடியது.

இதை எந்தப் போன் வீடியோவிலும் பார்க்க முடியாது. நான் எடுத்த நாற்பது விநாடியைப் பிறகு போட்டுப் பார்த்தேன். தூரத்தில் ஒரு வெளிச்சம், மைக்கின் கரகரப்பு, அவ்வளவுதான். அதை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

நள்ளிரவுக்கு மேல் தன் மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் இடம் வந்தது. போருக்குப் போனால் திரும்ப மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பொன்னுருவி வேஷம் கட்டியவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். நெருங்கி உட்கார்ந்தால் அரிதாரத்துக்கு அடியில் மீசை மழித்த இடம் தெரியும். ஆனால் அவர் குரலை ஏற்றி, ‘சுவாமி’ என்று ஒரு இழுப்பு இழுத்தபோது எனக்குப் பின்னால் இருந்த ஒரு பாட்டி “ஐயோ, எங்கண்ணு” என்றார். அந்த ஒரு சொல்தான் அன்றைய விமர்சனம். நடுவில் யாரோ ஐம்பது ரூபாய் அன்பளிப்புக் கொடுக்க, கட்டியக்காரன் பாட்டை நிறுத்தி அவர் பேரையும் அவர் அப்பா பேரையும் வாழ்த்திச் சொன்னார். படமாக இருந்தால் இந்த இடத்தில் எரிச்சல் வந்திருக்கும். அங்கே அப்படி இல்லை. பேர் சொல்லி முடித்த அடுத்த நொடி பொன்னுருவி விட்ட இடத்திலிருந்து அழுகையைப் பிடித்தார், ஊரும் கூடவே போனது.

காலையில் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தபடி நண்பர்களுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். ‘சூப்பர்’ என்று சொல்லவில்லை. திரை, கால், கண்ணாடித் துண்டு, பாட்டி சொன்ன சொல். ஆறு நிமிடம் வந்தது. விடிகாலைப் பகுதியில் எனக்குக் கண் சொருகி, கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து புண்ணியத்தைக் கேட்ட இடத்தைப் பாதிதான் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது. அரைத் தூக்கத்தில் பார்த்துவிட்டு ‘கடைசியில் தொய்வு’ என்று சொல்வது அந்த ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம். விடிய விடிய அந்தக் கட்டைகளைச் சுமந்து ஆடியவர்கள் அவர்கள்.

நம் மொழியில் இதை அழகாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கல்கி ‘கர்நாடகம்’ என்ற பேரில் ஆனந்த விகடனில் ஆடல் பாடல் பற்றி எழுதினார். கச்சேரிக்குப் போகாத வெளியூர் வாசகருக்கும் சபாவில் உட்கார வைக்கும் எழுத்து அது. நண்பர்களுக்குச் சொல்லும்போது எனக்கு அந்த மாதிரிதான் மனசில் இருக்கும், அந்தத் திறமை வேண்டாம், அந்த அக்கறை வந்தால் போதும்.

மேடையில் நின்றவரே நம் நண்பராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கல்லூரித் தோழி ஒருத்தி சென்னையில் ஒரு சின்ன நாடகக் குழுவில் நடிக்கிறாள். முதல் காட்சி முடிந்து வேஷம்கூடக் கலைக்காமல் வெளியே ஓடி வந்து “எப்படி இருந்துச்சு?” என்றாள். நான் உடனே, “நீ சுவரைப் பாத்துப் பேசினது பின்வரிசைக்குக் கேக்கலை” என்றேன். உண்மைதான். ஆனால் அந்த நிமிடத்தில் அவள் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. அவள் கேட்டது அதை இல்லை. ஒரு மாதம் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவளுக்கு, ‘நான் வந்தேன், பார்த்தேன், நீ அழும்போது எனக்கு மூச்சு நின்றது’ என்று சொல்லியிருக்க வேண்டும். அதுவும் உண்மைதானே, அதை முதலில் சொல்லியிருக்கலாம். குரல் விஷயத்தை மறுநாள் சொன்னால் போதும். அடுத்த காட்சிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

நாடகத்தில் நாம் சொல்லும் கருத்துக்குப் பயன் உண்டு என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். படம் முடிந்த பண்டம் (மெய்யழகன் மாதிரி எப்போதாவது வெட்டு விழுந்தால் தவிர). நாடகம் அடுத்த காட்சியில் மாறும். அவள் இரண்டாவது காட்சியில் அரையடி திரும்பி நின்று பேசினாள், பின்வரிசையில் இருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆகவே மேடைக்காரர்களிடம் சொல்வதென்றால், மாற்றக்கூடிய ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். ‘உனக்கு இந்த வேஷம் பொருந்தலை’ என்று சொல்லி அவர் என்ன செய்வார்?

கதையை உடைப்பது பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு அதில் பெரிய குழப்பம் இல்லை. புதுப் படம் என்றால் இடைவேளை வரை மட்டும் பேசுவேன், மீதி அவரும் பார்த்த பிறகு. கூத்தில் கர்ணன் சாவான் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்.

கும்பகோணத்து நண்பனுடன் சமாதானம் ஆனதையும் சொல்லிவிடுகிறேன். குறைத்த விவரம் தெரிந்ததும் நானே போன் செய்து, “நீ பாத்ததை நான் பாக்கலைடா, நீயே சொல்லு” என்றேன். அவன் அந்தப் பகுதியை இருபது நிமிடம் சொன்னான், திரையில் வந்ததைவிட அதிக நேரம் எடுத்திருப்பான். நடுநடுவே அவன் வீட்டுக் கிணற்றடியும் வந்தது. நான் குறுக்கே பேசவில்லை.

கூத்துக் குரல் செய்தியை அவன் மூன்று தடவை கேட்டானாம். போன வாரம் கூப்பிட்டு, “இந்த வருஷம் படுகளம் என்னைக்கு?” என்றான். படுகளத்தன்று துரியோதனனைத் தரையில் மண்ணால் பெரிதாகச் செய்து படுக்க வைத்திருப்பார்கள், பீமன் தொடையில் அடித்த பிறகு திரௌபதி கூந்தல் முடிவாள், அதை விடிந்த பிறகு வெயிலில் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். தேதி விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். முந்தைய ராத்திரியே வந்துவிடு, பாயும் ஒரு போர்வையும் எடுத்து வா, ஆர்மோனியக்காரர் பக்கமாக உட்காருவோம், அங்கிருந்து திரை விலகுவது நன்றாகத் தெரியும் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.