வேட்டைக் காட்சி மெசோடின்ட் அச்சுப்படங்கள் ஏன் அரிதாகிவிட்டன?

"பதினெட்டாம் நூற்றாண்டில் வேட்டைக் காட்சி மெசோடின்ட் படங்களை ஒரே தகட்டிலிருந்து பல படிகளாக அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். அப்படியிருக்க, அவற்றை அரியவை என்று ஏன் சொல்கிறார்கள்? ஒன்றை வாங்க நினைப்பவர் எதைப் பார்த்து நம்புவது?" என்பது கேள்வி. செப்புத்தகட்டில் செய்யப்படும் ஓர் அச்சுப்பட முறைதான் மெசோடின்ட். லண்டனில் வாழ்ந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அச்சுப்பட ஆய்வறையில் இத்தகைய படங்களைச் சட்டமும் கண்ணாடியும் இல்லாமல் நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்தப் பழக்கத்தில் கற்றதை எழுதுகிறேன்.

அரிதானதற்கு முதற்காரணம் செய்முறையிலேயே இருக்கிறது. மற்ற செதுக்கோவியங்களில் வெள்ளைப் பரப்பின்மேல் கோடு விழுகிறது. மெசோடின்டிலோ எல்லாம் இருளிலிருந்து தொடங்குகிறது. ராக்கர் எனப்படும், வளைந்த விளிம்பில் நுண்ணிய பற்கள் கொண்ட கருவியைச் செப்புத்தகட்டின்மேல் இப்படியும் அப்படியும் ஆட்டி, பல பத்துத் திசைகளில் உழுது, தகடு முழுவதையும் சொரசொரப்பாக்குவார்கள். அந்த நிலையில் மையிட்டு அச்சிட்டால் தாளில் விழுவது வெல்வெட் துணி போன்ற முழுக் கருமை. அதன் பிறகு எங்கெல்லாம் வெளிச்சம் வேண்டுமோ அங்கெல்லாம் பிசிறுகளைச் சுரண்டியும் தேய்த்து மெருகேற்றியும் படத்தை மீட்டெடுக்க வேண்டும். 1642இல் ஜெர்மனியின் காசெல் அரசவையைச் சேர்ந்த லுட்விக் ஃபான் சீகன் இம்முறையில் வெளியிட்ட உருவப்படமே இதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. பின்னர் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் சகோதரி மகனான இளவரசர் ரூப்பர்ட் வழியாக இங்கிலாந்துக்குச் சென்ற இக்கலை, அங்கே பெற்ற வளர்ச்சியால் பிரெஞ்சுக்காரர்களிடம் 'ஆங்கிலேய முறை' என்றே பெயர் வாங்கியது.

அந்தக் கருமையைத் தாங்கி நிற்பவை மயிரிழை போன்ற செப்புப் பிசிறுகள். அச்சு இயந்திரத்தின் உருளைக்கு அடியில் தகடு செல்லும் ஒவ்வொரு முறையும் அவை சிறிது மடங்குகின்றன. ஏறத்தாழ நூறு படிகளுக்குள் முதல் தரக் கருமை போய்விடுகிறது. வெளியீட்டாளர் அதோடு நிறுத்துவதில்லை. தேய்ந்த தகட்டை மறுபடி ராக்கரால் சீர்செய்தும், வேறொருவருக்கு விற்றும், பெயரை மட்டும் மாற்றிப் பொறித்தும் பல ஆண்டுகள் அச்சிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆகவே ஒரே தகட்டிலிருந்து வந்த இரண்டு படிகளில் ஒன்று காண்பதற்கு அரிய கலைப்படைப்பாகவும், மற்றது சாம்பல் பூத்த வெறும் நிழலாகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால், 'அரிய' என்னும் சொல் அந்த முதல் படிகளுக்கு மட்டுமே உரியது. தேய்ந்த தகட்டின் படிக்கு அதன் ஆண்டைக் காட்டி விலை சொல்பவரிடம் நான் வாங்குவதில்லை.

இரண்டாவது காரணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. உருவப்படங்களைச் சேகரிப்பாளர்கள் தொகுப்பேடுகளில் பாதுகாத்தார்கள். வேட்டைப் படங்களோ சுவரில் மாட்டுவதற்கென்றே பெரும்பாலும் வாங்கப்பட்டன. சட்டத்தின் அளவுக்கு ஏற்ப ஓரங்கள் வெட்டப்பட்டன. நிலக்கரிப் புகையும் வெயிலும் தாளைப் பழுப்பாக்கின. இவற்றையும் மிஞ்சிய ஒரு வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அச்சுப்படத்தைக் கண்ணாடியின்மேல் முகம் கவிழ ஒட்டி, தாளை ஈரப்படுத்தித் தேய்த்து உரித்துவிட்டு, கண்ணாடியில் தங்கிய மையின் பின்புறம் வண்ணம் தீட்டுவார்கள். கோடுகள் இல்லாமல் நிழலும் ஒளியும் மட்டுமே கொண்ட மெசோடின்ட் இதற்கு மிகவும் பொருந்தியதால், எத்தனையோ நல்ல படிகள் இவ்வாறு தாளை இழந்தன.

வேட்டைக்கும் இம்முறைக்கும் உள்ள பொருத்தத்தைச் சொல்லாமல் இப்பதில் முழுமையாகாது. விடியற்காலைப் பனி, காட்டின் உட்புற இருள், குதிரையின் விலாவில் ஓடும் பளபளப்பு, நாயின் ஈரமான மயிர் ஆகியவற்றை மெசோடின்ட் அளவுக்கு வேறு எந்த அச்சுமுறையும் காட்டியதில்லை. ஆனால் ஓடும் வேட்டைநாயின் மெல்லிய கால்களும் புல்லின் நுனியும் கூர்மையான கோட்டைக் கேட்கின்றன. அங்கே மெசோடின்ட் தடுமாறுகிறது. அதனால்தான் கலைஞர்கள் பலர் வேட்டைக் காட்சிகளுக்கு அமில அரிப்பு முறையையே நாடினார்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த யோஹான் எலியாஸ் ரீடிங்கர் (1698–1767) விலங்குகளையும் வேட்டைகளையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகளில் படைத்தவர். அவற்றில் பெரும்பாலானவை அரிப்பு முறையில் அமைந்தவை, மெசோடின்ட் சிறுபகுதியே. அந்தச் சிறுபகுதியின் நல்ல படிகளைத்தான் சேகரிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் தேடுகிறார்கள்.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் எர்லம் (1743–1822) இவ்விரு முறைகளையும் இணைத்துக் கையாண்டார். 1783 முதல் 1789 வரை இந்தியாவில் இருந்த ஓவியர் யோஹான் ஸொஃபனியின் புலி வேட்டை ஓவியத்தை அவர் மெசோடின்டாக்க, அது 1802இல் லண்டனில் வெளியானது. யானைகளும் திரளான மனிதர்களும் நெருக்கியடித்து நிற்கும் அந்தக் காட்சியின் ஆழத்தைக் கருமையின் படிநிலைகளால் மட்டுமே அவர் பிரித்துக் காட்டியிருக்கும் விதத்தை, நூல்களில் அச்சான அதன் நகலில் உணரவே முடியாது.

இனி, வாங்குபவர் பார்க்க வேண்டியவை. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும். இருளும் ஒளியும் கலக்கும் இடங்களில், பல திசைகளில் குறுக்கும் நெடுக்கும் ஓடிய ராக்கரின் பல்தடங்கள், ஒழுங்கும் ஒழுங்கின்மையும் கலந்த நெசவு போலத் தெரிய வேண்டும். எல்லாப் புள்ளிகளும் சம இடைவெளியில், ஒரே வலைக்கட்டத்தில் நின்றால் அது பிற்காலத்து ஒளிப்பட அச்சு. இதை நான் கற்றது ஓர் இழப்பின் வழியாக. கலைமான் வேட்டைப் படம் ஒன்றைப் பதினெட்டாம் நூற்றாண்டு மெசோடின்ட் என்ற உறுதிமொழியை நம்பிச் சட்டத்தோடு வாங்கினேன். வீட்டில் பிரித்து லென்ஸை வைத்தபோது வரிசை தவறாத சதுரக் கட்டங்கள் தெரிந்தன; அச்சிடும்போது தகட்டின் விளிம்பு தாளில் அழுந்தி உண்டாக்கும் பள்ளம்கூடப் பின்னர் பொய்யாக அழுத்தப்பட்டிருந்தது. அன்றிலிருந்து சட்டத்தைக் கழற்றிக் காட்ட மறுக்கும் எந்த விற்பனையாளரிடமும் நான் பேரத்தைத் தொடர்வதில்லை.

படத்தின் அடியில் உள்ள எழுத்துகளையும் படியுங்கள். 'பின்க்ஸிட்' என்பது ஓவியரையும், 'ஸ்கல்ப்ஸிட்' அல்லது 'ஃபெகிட்' என்பது தகட்டைச் செதுக்கியவரையும், 'எக்ஸ்குடிட்' என்பது வெளியீட்டாளரையும் பெரும்பாலும் குறிக்கும். 1735இல் நடைமுறைக்கு வந்த செதுக்கோவியர் உரிமைச் சட்டம், பாதுகாப்பு கோரும் தகட்டில் உரிமையாளர் பெயரும் வெளியீட்டு நாளும் பொறிக்கப்பட வேண்டும் என்று கேட்டதால், ஆங்கிலப் படங்களில் அந்த வரி பெரும் உதவி. ஓரம் வெட்டப்பட்ட படியில் முதலில் காணாமற்போவதும் அதுதான். ஆனால் அந்த நாள் தகட்டின் நாளே தவிர, உங்கள் கையில் உள்ள தாள் அச்சான நாள் அல்ல. அதற்குத் தாளை வெளிச்சத்தில் பிடித்து, தாள் செய்யும்போதே அதனுள் பதிந்த அடையாளமான நீர்க்குறியைத் தேட வேண்டும். சில நீர்க்குறிகளில் ஆண்டே இருக்கும்.

ஆங்கிலேயச் செதுக்கோவியர் தாமஸ் லப்டன் 1822 வாக்கில் மென் எஃகுத் தகட்டை மெசோடின்டுக்குப் பயன்படுத்திக் காட்டிய பிறகு, ஒரே தகட்டிலிருந்து மிகப் பல படிகள் எடுக்க முடிந்தது. எஃகில் கிடைக்கும் கருமை செம்பின் கருமைக்கு ஈடாவதில்லை என்பதால் அவற்றின் விலையும் குறைவு. தொடங்குபவர் இந்தப் பிற்காலப் படங்களில் ஒன்றை வாங்கி, வீட்டில் லென்ஸ் வைத்துப் பழகிக்கொண்டு, பிறகு ஏதேனும் ஒரு பொது அருங்காட்சியக ஆய்வறையில் முன்கூட்டியே பதிவுசெய்து ஒரு நல்ல செப்புத்தகட்டுப் படியைப் பார்த்து வருவதே நான் பரிந்துரைக்கும் வழி. அந்தக் கருமையை ஒருமுறை நேரில் கண்டபின், சாம்பல் பூத்த படியை உங்கள் கண்ணே ஒதுக்கிவிடும்.