பெயர் வாயில் நுழையவில்லை என்கிறார்களா? கேள்வி பதில்

குழந்தைக்கு அரிதான பெயர் வைத்தவர்களும், வைக்கப் போகிறவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பல வருடங்களாகச் சின்னக் குழந்தைகளுக்கு உச்சரிப்புப் பயிற்சி கொடுத்து வருகிறேன். என் பெயரின் நடுவிலும் ஒரு ழகரம் இருக்கிறது. அதனால் இது எனக்குத் தொழில் மட்டுமல்ல, சொந்தக் கதையும்தான்.

அக்கா, எனக்கு இது ஏழாவது மாதம். பெண் பிறந்தால் 'நறுமுகை' என்று வைக்க ஆசை. மாமியாரும் நாத்தனாரும் "வாயிலேயே நுழையலையே" என்கிறார்கள். விட்டுவிடலாமா?

"வாயில் நுழையவில்லை" என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டும்மா. ஒன்று, இதுவரை கேட்டதில்லை. இன்னொன்று, நிஜமாகவே நாக்கு தடுக்குகிறது. கேட்டதில்லை என்பது ஒரு மாதத்தில் சரியாகிவிடும். குழந்தையைக் கையில் வாங்கி நாலு தடவை கூப்பிட்டால் பழகிவிடும். நாக்கு தடுக்குவதைத்தான் கவனிக்க வேண்டும்.

நறுமுகையில் தமிழ் பேசுகிறவர்களுக்குச் சிரமமான ஒலி ஒன்றுகூட இல்லை. 'நறுமணம்' என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு இதுவும் வரும். ஆகவே உங்கள் வீட்டுச் சிக்கல் பழக்கமின்மைதான்.

இருந்தாலும் முடிவு செய்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பெயரை ஒரு தாளில் எழுதி, நீங்கள் வாய் திறக்காமல், வெவ்வேறு வயதில் ஐந்து பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு வேறு ஐந்து பேரிடம் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கினால், வாழ்நாள் முழுக்க அந்த இடத்தில்தான் திருத்த வேண்டியிருக்கும். கடைசியாக, பக்கத்து அறையில் குழந்தை இருப்பதாக நினைத்துக்கொண்டு மூன்று முறை உரக்கக் கூப்பிடுங்கள். மூன்றாவது முறை உங்கள் வாயில் என்ன மிஞ்சுகிறதோ, நாளைக்கு வீட்டில் வழங்கப் போகும் பெயர் அதுதான். அதுவும் உங்களுக்குப் பிடித்திருந்தால் தைரியமாக வையுங்கள்.

மகன் பெயர் மகிழன். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு இசட்-எச் போடுவதா, எல் போடுவதா? பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, தடுப்பூசி அட்டையில் வேறு மாதிரி எழுதியாகிவிட்டது.

தம்பி, முதல் வேலையாக அந்த இரண்டையும் ஒன்றாக்குங்கள். தப்பாகக் கூப்பிட்டால் ஒரு வாக்கியத்தில் திருத்திவிடலாம். இரண்டு எழுத்துக்கூட்டல் இருந்தால், "இரண்டும் ஒரே ஆள்தான்" என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். பெயர் காரணமாக என்னிடம் வருத்தப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு உச்சரிப்பைவிட இந்தக் காகிதத் தொல்லைதான் பெரிது.

எந்த எழுத்து என்பதற்கு வருகிறேன். தமிழ் என்ற சொல்லையே உலகம் எல் போட்டுத்தான் எழுதுகிறது. மொழி ஆராய்ச்சியாளர்கள் எல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டு ழகரத்தைக் காட்டுவார்கள். அந்தக் கோடு புத்தகத்துக்குச் சரி, பாஸ்போர்ட்டுக்கு ஆகாது. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா? அதில் பெயருக்கு 39 இடம்தான். ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகளும் இடைவெளி நிரப்பும் குறியும் தவிர வேறெதுவும் ஏறாது. கோடும் புள்ளியும் அங்கே காணாமல் போய்விடும்.

மிச்சமிருப்பது எல்லும் இசட்-எச்சும். நான் இசட்-எச் பக்கம். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்கள் அதைப் பார்த்ததும் ழகரம் என்று புரிந்துகொள்வார்கள். தெரியாதவர்கள் இரண்டையுமே தப்பாகத்தான் படிப்பார்கள், ஆனால் தப்பு ஒரே மாதிரி இருக்காது. எல் போட்டால் 'மகிலன்' என்று சந்தேகமே இல்லாமல் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இசட்-எச் போட்டால் கொஞ்சம் தயங்கி, "இதை எப்படிச் சொல்வது?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கிறவருக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம்.

என் பையன் பெயர் ககன். தமிழில் எழுதினால் எல்லோரும் 'கல்'லில் வரும் க போல வல்லோசையாகவே ஆரம்பிக்கிறார்கள். தமிழில் இதை எப்படி எழுதுவது?

எழுத வழியில்லை. படிக்கிறவர்கள் மேல் தப்பும் இல்லை. தமிழில் ஒரே க, இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும்: கல், தங்கம், அகம் மூன்றையும் சொல்லிப் பாருங்கள். சொல்லின் முதலில் வந்தால் வல்லோசை என்பது நம் எல்லோர் நாக்கிலும் ஊறிய பழக்கம். ஆனால் காந்தி என்ற பெயரைப் பெரும்பாலோர் சரியாகவே சொல்கிறார்கள். எழுத்தைப் பார்த்துச் சொல்வதில்லை, காதில் விழுந்ததைச் சொல்கிறார்கள். ககனும் அப்படிக் காது வழியாகத்தான் பரவ வேண்டும். முதல் முறை நீங்களே சொல்லி அறிமுகப்படுத்துங்கள்.

நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். மகள் யாழினிக்கு 6 வயது. பள்ளியில் 'யாஸீனி' என்கிறார்கள். அவளும் வீட்டுக்கு வந்து "அங்கே என் பெயர் யாஸீனிதான்" என்கிறாள். சுருக்கமாக வேறு பெயர் கொடுத்துவிடலாமா?

இந்தக் கேள்வியை நான் இரண்டு முறை படித்தேன். "அங்கே என் பெயர் யாஸீனிதான்" என்று 6 வயதுக் குழந்தை சொல்வதில் ஒரு விட்டுக்கொடுத்தல் இருக்கிறது. ரீட்டா கோலி, டேனியல் சொலோர்சானோ என்ற இரண்டு அமெரிக்கக் கல்வியாளர்கள் 2012-ல் இதைப் பற்றியே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். வகுப்பறையில் பெயரைத் தப்பாகச் சொல்வதும், கேலி செய்வதும், தாமாகவே மாற்றி வைப்பதும் பிள்ளைகள் மனதில் எப்படித் தங்கிவிடுகின்றன என்பதுதான் அதன் விஷயம். தன் பெயர் பற்றியும் தன் குடும்பம் பற்றியும் கூச்சப்படுவது வரை அது போகிறது. எனவே இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

அதற்காகச் சண்டைக்குப் போகவும் வேண்டாம். ஆசிரியரைத் தனியாகப் பார்த்து இரண்டு விஷயம் சொல்லுங்கள். எந்த அசையை நீட்டுவது, ழகரத்துக்குப் பக்கத்து ஒலி எது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் நம் பெயர்களில் பெரும்பாலும் தப்பான அசையை நீட்டுகிறார்கள். கமலா என்ற, நமக்கு இவ்வளவு எளிதான பெயரையே 'கமாலா' ஆக்கினார்கள். கமலா ஹாரிஸ் 2019-ல் வெளிவந்த தன் வரலாற்று நூலில், நிறுத்தற்குறியான 'கமா'வோடு ஒரு 'லா' சேர்த்துச் சொல்லுங்கள் என்று விளக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் 2020 தேர்தல் கூட்டம் ஒன்றில் சக செனட்டர் ஒருவரே அந்தப் பெயரைக் கோணலாகச் சொன்னார். உலகம் முழுக்கப் பேர் தெரிந்தவருக்கே இந்த நிலைமை என்றால் யாழினியின் ஆசிரியர் தடுமாறுவதில் ஆச்சரியமில்லை.

ஆசிரியரிடம், "யா-வை நீட்டுங்கள், ழி-யை நீட்ட வேண்டாம். ழ வராவிட்டால் அமெரிக்கர்கள் ஆர் சொல்வதுபோல் சொல்லுங்கள், இசட் மட்டும் வேண்டாம்" என்றால் போதும். அமெரிக்க ஆர் நம் ழகரத்துக்கு ஓரளவு பக்கத்தில் நிற்கும் ஒலி. 'யாரினி' என்று வந்தாலும் யாஸீனியைவிட எவ்வளவோ மேல்.

சுருக்கப் பெயர் வேண்டுமென்றால் அதை யாழினியே கேட்கட்டும். கேட்டால் அவள் பெயருக்குள்ளிருந்தே எடுங்கள். 'யா' என்றோ 'இனி' என்றோ இருக்கலாம். வெளியிலிருந்து ஒரு பெயரை ஒட்டவைக்க வேண்டாம்.

சொல்ல எளிதான பெயர் உள்ளவர்கள்தான் வேலையில் மேலே வருவார்கள் என்று ஆராய்ச்சி சொல்கிறதாமே? பயமாக இருக்கிறது மேடம்.

அப்படி ஒரு ஆய்வு இருக்கிறது. 2012-ல் லாஹம், கோவல், ஆல்ட்டர் மூவரும் வெளியிட்டது. சொல்ல எளிதான பெயர் உள்ளவர்கள் மேல் மற்றவர்களுக்குக் கொஞ்சம் நல்ல அபிப்பிராயம் வருகிறது என்று கண்டார்கள். அமெரிக்க வழக்கறிஞர் நிறுவனங்களில் எளிதான குடும்பப் பெயர் உள்ளவர்கள் உயர்ந்த பதவிகளில் இருந்ததையும் காட்டினார்கள்.

ஆனால் முழுசாகப் படித்துவிட்டுப் பயப்படுங்கள். பெயர் நீளமா, அரிதானதா, அந்நிய நாட்டுப் பெயரா என்பதைப் பொறுத்து இது வரவில்லை, சொல்ல எளிதா என்பதைப் பொறுத்துத்தான் வந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அரிதான பெயரும் கஷ்டமான பெயரும் ஒன்றல்ல. நறுமுகை அரிது, எளிது. 'தமிழ்' எல்லோருக்கும் தெரிந்த சொல், ஆனால் பாதிப் பேர் நாக்கில் தமில்.

மூன்றரை வயதுப் பெண். பெயர் எழில். அவளுக்கே சொல்ல வரவில்லை, 'எயில்' என்கிறாள். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். பயிற்சி கொடுக்கலாமா?

மூன்றரை வயதில் ழகரம் வராதது இயல்பு. ரகரம், ழகரம் மாதிரி ஒலிகள் குழந்தைகளுக்குக் கடைசியாகத்தான் கைகூடும். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அவள் 'எயில்' என்றால் நீங்களும் 'எயில்' என்று கொஞ்சாதீர்கள், எழில் என்றே தெளிவாகக் கூப்பிடுங்கள். சரியான ஒலி காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். சிரிக்கிற சொந்தக்காரர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லிவிடுங்கள். தன் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரிந்தால் குழந்தை பெயர் சொல்வதையே நிறுத்திவிடும். அப்படி நிறுத்திய குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து வயது தாண்டியும் வரவில்லை என்றால் இப்படிச் செய்து பாருங்கள். கண்ணாடி முன் உட்காரவைத்து 'ஆ' என்று நீளமாகச் சொல்லச் சொல்லுங்கள். சத்தத்தை நிறுத்தாமலே நாக்கின் நுனியை மெல்ல மேலே தூக்கிப் பின்னால் வளைக்க வேண்டும். எங்கேயும் ஒட்டக் கூடாது. 'ஆ' தானாகவே 'ஆழ்' ஆக மாறுவதைக் கேட்டதும் குழந்தையின் முகத்தைப் பாருங்கள், இத்தனை வருடத்தில் எனக்கு அது அலுத்ததே இல்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிவிட்டால் ள வந்துவிடும். நுனிநாக்கு மேலே வளைந்து 'அண்ணம் வருட' ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. 'வருட' என்ற சொல்லைக் கவனியுங்கள். முட்டுவதும் இல்லை, ஒட்டுவதும் இல்லை. இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

குழந்தைக்கு 7 மாதம். வைத்த பெயரை எல்லோரும் கொலை செய்கிறார்கள். மாற்றினால் குழந்தை குழம்புமா?

குழந்தைகள் சுமார் நாலரை மாதத்திலேயே தங்கள் பெயரின் ஒலியை மற்ற பெயர்களிலிருந்து பிரித்து அறிகிறார்கள் என்று 1995-ல் ஒரு ஆய்வு காட்டியது. ஆகவே உங்கள் குழந்தைக்கு இந்தப் பெயர் பழகியிருக்கும். ஆனால் 7 மாதக் குழந்தை புதுப் பெயருக்கும் சீக்கிரம் திரும்பிவிடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

யார் கொலை செய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். தாத்தா பாட்டி, நீங்கள், தினமும் தூக்கி வைத்திருப்பவர்கள் தடுக்கினால் இப்போதே மாற்றிவிடுங்கள். காகிதங்கள் சேரச் சேர மாற்றுவது கஷ்டமாகும். வெளியாட்கள் மட்டும்தான் என்றால், அவர்களுக்காக மாற்றாதீர்கள்.

தப்பாகச் சொல்பவர்களை எத்தனை முறை திருத்தலாம்?

சரியாக வரும்வரை. முகம் சுளிக்காமல், மன்னிப்பும் கேட்காமல். "பரவாயில்லை, எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று மட்டும் குழந்தையின் எதிரில் சொல்லாதீர்கள்.

என் பெயர் பொழில்மதி, 12-ஆம் வகுப்பு. அடுத்த வாரம் மேடையில் என் பெயரை வாசித்துப் பரிசு தரப் போகிறார்கள். தப்பாக வாசித்துவிடுவார்களோ என்று பரிசைவிட இதுதான் மனதில் ஓடுகிறது.

பொழில்மதி, முதலில் வாழ்த்துகள். உன் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நான் படித்தபோது ஒரு ஆசிரியை வருடம் முழுக்க என் பெயரைச் சொல்லவே இல்லை. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று அவருக்குத் தயக்கம். மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்பார், என்னை மட்டும் "மூணாவது பெஞ்ச், ஓரத்துல, நீ சொல்லும்மா" என்பார். நல்ல மனுஷிதான். ஆனால் அவர் ஒரு முறையாவது தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேனே என்று இன்றைக்கும் நினைப்பேன். நானாக எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம், எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

நீ போய்ச் சொல். விழா தொடங்கும் முன் அறிவிப்பாளரிடம் போ. "ஐயா, என் பெயர் கொஞ்சம் அரிதானது, ஒரு தடவை சொல்லிக் காட்டட்டுமா?" என்று கேள். அவர்களுக்கும் மேடையில் தடுமாறுவது பிடிக்காது, சந்தோஷமாகவே கேட்டுக்கொள்வார்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திரு. அதில் பெரிய எழுத்தில், இடம் விட்டு, பொ - ழில் - மதி என்று எழுது. அவர் கையிலிருக்கும் பட்டியலில் உன் வரிக்குப் பக்கத்தில் அதைச் செருகச் சொல். அப்புறம் அவரை உன் எதிரிலேயே ஒரு முறை சொல்லிப் பார்க்கச் சொல்.