ஒரு கால் மட்டும் வலிக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 43, உயரம் 152 செ.மீ. பதினான்கு மணி நேரம் எகானமி வகுப்பில் பறந்து வந்தேன். முன் இருக்கைக்காரர் வழி முழுவதும் சாய்த்தே வைத்திருந்தார். முதுகு வலி, தொடை மரத்துப்போனது. இறங்கும்போது இரண்டு பாதமும் வீங்கி ஷூவுக்குள் நுழையவில்லை; மறுநாள் வடிந்துவிட்டது. ரத்தக்கட்டி பற்றி இணையத்தில் படித்ததில் தூக்கமே போய்விட்டது. மூன்று வாரத்தில் திரும்பிப் பறக்க வேண்டும். கூடுதல் பணம் கட்டி, கால் நீட்ட இடமுள்ள இருக்கை வாங்கட்டுமா? ஏறும் முன் போட ஆஸ்பிரின் வாங்கி வைத்திருக்கிறேன், சரிதானா? மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் என்பதால் இரண்டு மாதமாக ஹார்மோன் மாத்திரை எடுக்கிறேன். வந்து ஆறு நாளாகிறது. மூன்று நாளாக இடது கெண்டைக்காலில் மட்டும் ஒரு பிடிப்பு. களிம்பு தடவி நீவிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: முதலில் நீவுவதை நிறுத்துங்கள், அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். இன்றைக்கே, இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். கடிதத்தின் கடைசியில் எழுதியதை அங்கே முதலில் சொல்லுங்கள்: நீண்ட விமானப் பயணம், ஹார்மோன் மாத்திரை, அப்புறம் ஒரு காலில் மட்டும் வலி. இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்கிற மருத்துவர் உங்களைக் காத்திருக்க வைக்க மாட்டார்.

போகிற வழியிலோ அதற்கு முன்போ மூச்சு வாங்கினாலும், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலும், இருமலில் ரத்தம் வந்தாலும், மயக்கம் வந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்தால் வரும் அறிகுறிகள் இவை. இதில் உயிர் போகும் ஆபத்து உண்டு. இத்தனை நாள் உங்களைத் தூங்கவிடாத பயம் இதுதான் என்று புரிகிறது. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு மூன்று நாளாகக் களிம்பு தேய்த்திருக்கிறீர்களே என்பதுதான் எனக்கு வருத்தம்.

உங்களுடையது வெறும் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் நிம்மதி. ஆனால் அதைத் தொட்டுப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. நானானாலும் சரி, உங்கள் வீட்டில் யாரானாலும் சரி. பாதத்தை மேல்நோக்கி மடக்கி, வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனை ஒன்று இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்ப வேண்டாம். கட்டி இருந்தும் வலிக்காமல் இருக்கலாம், இல்லாமலும் வலிக்கலாம். ஒலி அலைகளால் ரத்தக்குழாயைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. ஜெல் தடவி, தொடையிலிருந்து கீழ்நோக்கி ரத்தக்குழாயை அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள். அழுத்தினால் அமுங்குகிற ரத்தக்குழாயில் கட்டி இல்லை. அமுங்காவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும், சந்தேகம் இருந்தால் ஒரு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். வலி குறைந்துவிட்டது என்று அதைத் தவறவிடாதீர்கள். கட்டி இருப்பது உறுதியானால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. நேரத்தோடு தொடங்கினால் பெரும்பாலானவர்கள் நன்றாகிவிடுகிறார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அதிலிருந்து 10 செ.மீ. கீழே இறங்கி, தையல் டேப்பால் இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்து பாருங்கள். ஒன்று மற்றதைவிட 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் மருத்துவர்கள் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்வோம். வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்து, அந்தக் கால் வலித்தாலோ, சுட்டாலோ, சிவந்தாலோ அப்போதும் போய்க் காட்ட வேண்டும். விமானத்தை விட்டு இறங்கிய அன்றே இது வரும் என்றில்லை. முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகம், அதற்குப் பின்னும் சில வாரங்கள் வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் பலருக்குக் கால்வலியையும் பயணத்தையும் முடிச்சுப் போடத் தோன்றுவதில்லை.

உங்கள் இரண்டு பாதமும் வீங்கியதைப் பற்றிக் கவலையே வேண்டாம். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலில் உள்ள ரத்தம் மேலே ஏறுகிறது. மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் நீர் கீழே தேங்கும், படுத்து எழுந்தால் வடியும். முதுகு வலிக்கு விமானத்தில் கொடுக்கும் போர்வையைச் சுருட்டி இடுப்பின் பின்னால் வையுங்கள், போதும். தொடை மரத்ததும் அழுத்தத்தால்தான்.

படித்துப் பயந்ததற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தக்கட்டி வரும் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஆரோக்கியமாக இருப்பவர்களில் அப்படிப் பறக்கும் சுமார் 6000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எகானமி வகுப்புதான் கட்டியை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. சொகுசு வகுப்பில் அசையாமல் கிடந்தவர்களுக்கும் வந்திருக்கிறது.

அந்த 6000 பேர் கணக்கில் உங்களை அப்படியே சேர்க்க முடியாது. அதற்குக் காரணம் அந்த மாத்திரை. அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஈஸ்ட்ரோஜன் கலந்ததாக இருந்தால் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும், அதுவும் தொடங்கிய முதல் சில மாதங்களில் அதிகமாக. நீங்களாக நிறுத்த வேண்டாம். அட்டையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள், இன்று பார்க்கிற மருத்துவர் முடிவு செய்யட்டும். முன்பு கட்டி வந்தவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவர்கள், இவர்கள் எல்லோரும் டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

ஆஸ்பிரினைத் தொடாதீர்கள். பயணத்தில் வரும் கட்டியைத் தடுக்க அதை நீங்களாகவே போடச் சொல்லி மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வதில்லை. வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வரலாம். ரத்தப்போக்கு அதிகம் என்று ஒரு மாத்திரை எடுத்துக்கொண்டே, ரத்தப்போக்கைக் கூட்டும் இன்னொன்றை யாரையும் கேட்காமல் வாங்கி வைத்திருக்கிறீர்கள். விமானத்தில் தூக்க மாத்திரை போடுவதும் இப்படித்தான்: பத்து மணி நேரம் காலை அசைக்காமல் கிடப்பீர்கள்.

இருக்கைக்கு வருகிறேன். எகானமியில் வரிசைக்கு வரிசை தூரம் பெரும்பாலும் 30 முதல் 32 அங்குலம். உயரமானவர்களுக்கு முட்டி இடிக்கும், அவர்கள் கூடுதல் பணம் கட்டினால் அர்த்தம் இருக்கிறது. உங்கள் உயரத்துக்குத் தொல்லையே வேறு. கால் தரையில் பதியாமல், இருக்கையின் முன் விளிம்பு தொடையின் பின்பக்கத்தையும் முழங்கால் மடிப்பையும் அழுத்துகிறது. 2006-ல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில் 190 செ.மீ.க்கு மேல் உயரமானவர்களோடு, 160 செ.மீ.க்குக் குறைவானவர்களுக்கும் விமானப் பயணத்துக்குப் பின் ஆபத்து கூடியிருந்தது. கால் நீட்ட இடமுள்ள முதல் வரிசையில் எவ்வளவு இடம் கிடைத்தாலும், விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் பாதம் வைக்க முன்னால் ஒரு பை கூட வைக்க விடமாட்டார்கள். சாதாரண வரிசையில் நடைபாதை ஓரம் கேளுங்கள், சின்னப் பையைப் பாதத்துக்கடியில் வைத்து முட்டியை உயர்த்துங்கள். ஜன்னலோரம் வேண்டாம், பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூச்சப்பட்டு எழுந்திருக்கவே மாட்டீர்கள். விழித்திருக்கும்போது ஒரு மணிக்கொரு தரம் நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள்.

முழங்கால் வரை வரும், காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் காலுறையும் நல்லதுதான், ஆனால் அளவு பார்த்து வாங்க வேண்டும், கால் தமனியில் அடைப்பு உள்ளவர்கள் போடக்கூடாது. ஸ்கேன் முடிவு தெரியும் முன் நீங்களும் போட வேண்டாம்.

டிக்கெட்டை இப்போதே ரத்து செய்ய வேண்டியதில்லை. கட்டி இல்லையென்றால் தாராளமாகப் பறக்கலாம். இருந்தால், மருந்து தொடங்கி எத்தனை நாள் கழித்துப் போகலாம் என்று உங்களுக்குச் சிகிச்சை தருகிறவர் சொல்வார்.