பேண்டுக்கு நேரம் எங்க போகணும்?

கேள்வி: அண்ணே, நாங்க நாலு பேர், சொந்தமா பாட்டு போடுற பேண்ட். வாரத்துக்கு பத்து மணி நேரம்தான் கிடைக்குது, அதுல பாதி ரீல்ஸுக்கே போயிடுது. என்ன பண்றது?

பதில்: பாட்டுக்கும் ரிகர்சலுக்கும்தான் முதல் நேரம் தம்பி, ரீல்ஸுக்குன்னு தனியா உக்காராம ரிகர்சல்லயே போனை ஓரமா வச்சு எடுத்துக்குங்க. ஸ்ட்ரீமிங் காசை நம்பாதீங்க, ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு 12 மாசத்துல 1000 தடவையாவது ஓடலைன்னா அதுக்குக் காசே வராது, 2024ல இருந்து இதான் ரூல். புதுப் பாட்டை ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுல சேர்க்கச் சொல்லி, ரிலீசுக்கு 7 நாள் முன்னாடியே அனுப்பிடுங்க. ஆனா ஒண்ணு, ஷோவுக்கு வர்றவங்ககிட்ட ஈமெயில் கேட்டு வாங்கி வைங்கப்பா, யாருக்கு எதைக் காட்டணும்னு ஆப் முடிவு பண்ற அல்காரிதம் எப்படி மாறினாலும் அந்த லிஸ்ட் உங்க கையிலயே இருக்கும், அடுத்த ஷோவுக்கு நேரா அவங்களையே கூப்பிடலாம்.