கரண்ட் போய் வந்ததும் ரெப்ளிகா நின்றுவிடுகிறதே?

கேள்வி: கடை பில்லிங் மைஎஸ்கியூஎல் 5.7 என்ற டேட்டாபேஸில் ஓடுகிறது. கரண்ட் போய் வந்தால் ரெப்ளிகா (மெயின் சர்வரின் நகலை வைத்திருக்கும் இன்னொரு சர்வர்) 1062 பிழை காட்டி நின்றுவிடுகிறது. அந்தப் பிழையைக் கண்டுகொள்ளாமல் போகச் சொல்லி கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்கிறார் சர்வீஸ்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். 1062 என்றால் 'இந்த பில் ஏற்கெனவே டேபிளில் இருக்கிறது' என்று பொருள். ரெப்ளிகா பில்லை டேபிளில் எழுதுகிறது. எதுவரை எழுதினோம் என்பதை மட்டும் ரிலே-லாக்.இன்ஃபோ என்ற தனி ஃபைலில் குறித்துக்கொள்கிறது. பேரேட்டில் வரவு வைத்துவிட்டு, எந்தச் சீட்டு வரை வைத்தோம் என்பதைத் துண்டுத் தாளில் எழுதுவது போல. அந்த ஃபைல் டிஸ்கில் உறுதியாகப் பதிவது 10,000 டேட்டாபேஸ் பரிவர்த்தனைக்கு (டிரான்சாக்ஷன்) ஒருமுறைதான். நடுவில் கரண்ட் போனால் பழைய குறிப்பிலிருந்து மறுபடி எழுத ஆரம்பிக்கும். 2013-இலேயே 5.6-இல் தீர்வு வந்துவிட்டது. ஆனாலும் 8.0 வரை அதை இயல்பான அமைப்பாக வைக்கவில்லை. எத்தனை பேருடைய ராத்தூக்கம் போயிருக்கும்!

ரெப்ளிகேஷனை நிறுத்தி, ரிலே_லாக்_இன்ஃபோ_ரெப்பாசிட்டரி என்பதை டேபிள் என்றும், ரிலே_லாக்_ரெக்கவரி என்பதை ஆன் என்றும் கான்ஃபிக் ஃபைலில் எழுதி, சர்வரை மறுபடி கிளப்புங்கள். இனி பில்லும் குறிப்பும் ஒரே பரிவர்த்தனையில் பதியும். பதிந்தால் இரண்டும், போனால் இரண்டும். பாதியில் நின்ற ரிலே லாகை (மெயின் சர்வரிடமிருந்து வாங்கி வைத்த மாற்றங்களின் பதிவை) விட்டுவிட்டு மெயின் சர்வரிடமிருந்தே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

ஒரு விதிவிலக்கு. டேபிளைச் சேமிக்கும் என்ஜின்களில் இன்னோடிபி என்பதில் இருக்கும் டேபிளுக்குத்தான் இது பொருந்தும். பழைய பில்லிங் சாஃப்ட்வேரில் ஸ்டாக் டேபிள் ஒன்று மட்டும் மைஐசாம் என்ற பழைய என்ஜினில் கிடக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குப் பரிவர்த்தனையே கிடையாது. அந்த ஒரு டேபிளில் பழைய கோளாறு அப்படியே தொடரும். ஷோ டேபிள் ஸ்டேட்டஸ் கொடுத்து என்ஜின் என்ற பத்தியை ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். மைஐசாம் என்றிருந்தால், பேக்கப் எடுத்துவிட்டு, கடை மூடியபின் மெயின் சர்வரில் இன்னோடிபிக்கு மாற்றுங்கள். மைஎஸ்கியூஎல் என்ற பெயரிலேயே இருக்கும் சிஸ்டம் டேட்டாபேஸை மட்டும் தொடாதீர்கள்.

சர்வீஸ்காரர் சொல்லும் வரி பிழையை மறைக்கும், கணக்கைச் சரிசெய்யாது. ஸ்டேட்மெண்ட் முறையில் (கட்டளையையே அனுப்பி ரெப்ளிகாவில் ஓட்டும் முறை) ரெப்ளிகேஷன் ஓடினால் 'இருப்பில் 5 கழி' என்ற கட்டளை இருமுறை ஓடும், பிழையே வராது. இருப்பு குறைந்துகொண்டே போகும். பிறகு 'சிங்க் மெயின்டனன்ஸ்' என்று மாதச் சந்தா கேட்டு அவரே வருவார். பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஒருமுறையாவது அந்த வரி ஏறியிருந்தால், இந்த ரெப்ளிகாவை அழித்துவிட்டு மெயின் சர்வரிலிருந்து புதிதாக நகல் எடுத்து ஆரம்பியுங்கள்.