நம் குரலே நம்மைத் தடுமாற வைப்பது ஏன்?

கேள்வி: போனில் பேசும்போது சில நேரம் என் குரலே சற்றுத் தாமதமாக என் காதில் திரும்ப விழுகிறது. உடனே நாக்கு குழறிப் பேச்சே நின்றுவிடுகிறது. பேசுவது வாய்தானே, இதில் காதுக்கு என்ன வேலை?

பதில்: நிறையவே இருக்கிறது. நாக்கையும் உதட்டையும் குரல்நாண்களையும் அசைக்கச் சொல்லி மூளையின் இயக்கப் பகுதி உத்தரவு போடும்போதே, 'இதோ இப்படி ஒரு ஒலி வரப்போகிறது' என்று கேட்கும் பகுதிக்கும் ஒரு நகல் போய்விடுகிறது. சொன்னபடியே ஒலி வந்தால் கேட்கும் பகுதி பெரிதாக அலட்டிக்கொள்ளாது. நாம் பேசியதையே பதிவு செய்து பிறகு கேட்டால் அங்கே எழும் துடிப்பு, பேசும்போது எழுவதைவிட அதிகம். எதிர்பார்த்தது ஒன்று, வந்தது வேறு என்றால்தான் அது விழித்துக்கொண்டு, திருத்தச் சொல்லி இயக்கப் பகுதிக்குத் தகவல் அனுப்புகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1998-இல் ஜான் ஹூட், மைக்கேல் ஜோர்டன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்தது. ஆட்களைக் கிசுகிசுப்பாகப் பேசவிட்டு, அவர்கள் சொல்லும் உயிரொலியைக் கணினியால் அந்த நொடியிலேயே கொஞ்சம் மாற்றி அவர்கள் காதுக்கே அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில், காதில் சரியாகக் கேட்கும்படி கணினி செய்த மாற்றத்துக்கு நேரெதிராக வாயசைவை மாற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் அவர்களை மாற்றச் சொல்லவில்லை!

உங்கள் போனில் நடப்பது என்னவென்றால், ஒலி சரிதான், நேரம்தான் தவறு. அடுத்த அசைக்கு வாய் போய்விட்ட பிறகு முந்தைய அசை காதில் விழுகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடி தாமதம்தான் ரொம்பப் படுத்தும், ஏனென்றால் ஓர் அசையைச் சொல்ல ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அதுவே. அதனால் இழுத்துப் பேசுவோம், ஒரே அசையைத் திரும்பச் சொல்வோம், குரலையும் உயர்த்துவோம். ஆனால் திக்கிப் பேசுகிறவர்களில் சிலருக்கு இதே தாமதம் பேச்சைச் சரளமாக்குகிறது. அடுத்த முறை அப்படிக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவரை ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கிருந்துதான் உங்கள் குரல் திரும்பி வருகிறது.

கேள்வி: அப்படியானால் பெரியவரான பிறகு காது கேட்காமல் போனவர்களால் எப்படிப் பேச முடிகிறது?

பதில்: எந்த ஒலிக்கு வாயை எப்படி அசைக்க வேண்டும் என்பது பல வருடப் பழக்கத்தில் மூளையில் பதிந்துவிட்டது, அதோடு நாக்கும் உதடும் எங்கே இருக்கின்றன என்ற தொடு உணர்வும் துணைக்கு இருக்கிறது. அதனால் சொற்கள் பல வருடங்களுக்குத் தெளிவாகவே இருக்கும். முதலில் தடுமாறுவது குரலின் அளவும் ஏற்ற இறக்கமும்தான்.