ஒன்றரை ஷிப்டின் கணக்கு

கேள்வி: பீகார், ஒடிசா ஆட்கள் குறைந்த கூலிக்கு வந்து நிற்பதால்தான் எங்களைப் போன்ற பனியன் கம்பெனி டெய்லர்களுக்குக் கூலி ஏறவில்லை. அவர்கள் வரவை நிறுத்தினால் என்ன? – ஒரு வாசகர், திருப்பூர்.

பதில்: நிறுத்தினாலும் உங்கள் கூலி ஏறாது. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்து வென்ற ஊர் உங்களுடையது. அதற்குப் பிறகுதான் ஒரே கூரையின் கீழ் நடந்த வேலை சிறு யூனிட்டுகளுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் வேகமாகப் பிரிந்து போனது. ஒரு யூனிட்டில் ஆள் எண்ணிக்கை குறைந்தால், அதன் மேல் தொழிலாளர் சட்டத்தின் பிடியும் தளரும். வடக்கேயிருந்து ரயில் ரயிலாக ஆள் வந்தது இதெல்லாம் நடந்து வெகுநாள் கழித்து.

இன்னொன்று, நடுவில் இருந்த வேலைகள் கரைகின்றன. கட்டிங் மாஸ்டரின் பேட்டர்ன் கம்ப்யூட்டருக்குப் போகிறது. வெட்டு தானியங்கி மெஷினுக்கு. மேலே ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரையும் கேட் (CAD) ஆபரேட்டர் என்று சில நாற்காலிகள். கீழே டெய்லருக்கு உதவும் கைமடி, செக்கிங், பிசிர் வெட்டுதல். முழு பனியனையும் தைப்பவருக்கு இருந்த மதிப்பு, தோளை மட்டும் ஓவர்லாக் அடிப்பவருக்கு இல்லை. அவர் இடத்தில் நாளைக்கே வேறொருவரை உட்கார வைக்கலாம். இந்தக் கீழ்த்தட்டில் வெளியூர் வரத்து உங்கள் பேரத்தைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் வந்தவருக்குப் பேரமே கிடையாது. தங்கும் அறை கான்ட்ராக்டருடையது என்றால், வேலையை விட்ட அன்றிரவே படுக்க இடமில்லை.

உங்கள் இருவர் கூலியும் எங்கே போகிறது என்று பார்ப்போம். ஒரு ஷிப்டுக்கு, அதாவது 8 மணி நேரத்துக்கு, 480 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60. உணவு இடைவேளை போக 12 மணி நேரம் உழைத்தால் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று 720 தருகிறார்கள். வாரம் 48 மணி நேரத்துக்கு (ஆறு நாள், நாளுக்கு 8 மணி நேரம்) மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. அதன்படி கூடுதல் 4 மணி நேரத்துக்கு 480, மொத்தம் 960. ஒன்றரை ஷிப்ட் என்பது சட்டப்படி இரண்டு ஷிப்ட் சம்பளம்! நாளுக்கு 240 வீதம் 26 நாளில் 6,240 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

‘பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்குத் தரும் கூலிக்கு, ஓவர்டைம் கிடையாது’ என்பார்கள். தவறு. முந்தைய மாதம் முழுநேரம் உழைத்த நாட்களின் சராசரி வருமானத்தை வைத்து அதற்கும் கணக்கிட வேண்டும் என்று அந்த 1948 சட்டமே சொன்னது.

எனவே உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அடித்த பீஸ் மூன்றையும் தினமும் நோட்டில் எழுதுங்கள். பக்கத்து மெஷின் ஒடிசாக்காரரையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு நோட்டும் ஒத்துப்போனால் தொழிலாளர் அலுவலகத்தில் வலு கூடும். கான்ட்ராக்டர் மாறும்போது பழைய யுஏஎன் எண்ணையே (உங்கள் பிஎஃப் கணக்குகளை இணைக்கும் எண்) கொடுங்கள். புது எண் போட்டால் சர்வீஸ் துண்டு துண்டாகி, பிஎஃப் பென்ஷனுக்கு வேண்டிய 10 ஆண்டு சேராமல் போகும். கான்ட்ராக்டர் பிஎஃப் கட்டாமல் ஓடிவிட்டால் கட்ட வேண்டியவர் கம்பெனி முதலாளி.